பத்துக் கிராம் பச்சை

மழை விட்ட மறுநாள் புவிராஜ் அழைப்பான்:
"அக்கா, கட்டை வந்திருக்கு."
தலவாக்கலை அணைக்கட்டில் அவனுக்கு வேலை.
நீர்வாய்க் கம்பியில் அடையும் குப்பையை
இரும்புக் கொக்கியால் வாரி மேலே போடவேண்டும்.
பிளாஸ்டிக் போத்தல், ஒற்றைச் செருப்பு, வாழைத்தண்டு,
ஒருமுறை முழு மேசை ஒன்று, லாச்சியோடு.
இடையிடையே எனக்கான மரங்கள்.

போட்டோகொப்பிக் கடையைப் பூட்டிவிட்டு
ஓட்டோவில் போய் ஏற்றி வருவேன்.
விறகென்று நினைத்துக் கூலியைக் குறைத்துக் கேட்பார் ஓட்டோக்காரர்.
நான் திருத்துவதில்லை.

ஆற்றில் உருண்ட மரத்துக்குத் தோல் இருக்காது,
முனை இருக்காது.
இரண்டு மாதம் கூரைக்கடியில் காயவேண்டும்.
அவசரப்பட்டால்
காகிதத்துக்குள் பூஞ்சணம் பூக்கும்.

காகிதம் ஜப்பானிலிருந்து.
முசுக்கட்டைப் பட்டையில் செய்தது.
தபால் கந்தோரில் பொதியைப் பிரித்தவர்
தாளைத் தூக்கிப் பிடித்தார், அதற்குள்ளால் ஜன்னல் தெரிந்தது.
"ஒண்ணும் எழுதலியே, இதுக்கா இவ்வளவு காசு?"
எழுதாததற்குத்தான் என்றேன்.
தீர்வையை முழுசாகவே போட்டார்.

கோதுமை மாப் பசையை மோர்போல் கரைத்துத் தடவி
மேலே காகிதத்தைக் கிடத்தும்போது
மூச்சுவிடக் கூடாது.
நனைந்ததும் காகிதம் இல்லாமலே போகும்.
ரேகை, கணு, புழு தின்ற வழி எல்லாம் தெரியும்.
காயக் காயத் திரும்பி வந்து
மரத்தை மூடிக்கொள்ளும்.

நிறத்துக்குக் கல்லைத் தேடவேண்டும்.
மேல்பிரிவு றோட்டு வெட்டிய மேட்டில் சிவப்பு,
அதற்கு ஒரு முழம் கீழே மஞ்சள்,
உக்கிய கல்லில் வெள்ளை,
ஓடைமணலில் காக்காப்பொன்.
கண்ணாடிப் பலகையில் நீர்விட்டு அரைத்து
தோல்பசையில் குழைப்பேன்.

பச்சைதான் இல்லை.
கதவைத் திறந்தால் வானம்வரை பச்சை.
அதில் ஒரு கையளவு அரைத்துப் பார்த்தேன்,
மறுநாள் சாயத்தண்ணி நிறம்.
பச்சைக்கென்று ஒரு கல் உண்டு, இந்த மலையில் இல்லை.
காகிதத்தோடு வரவழைத்தேன்
பத்துக் கிராம் போத்தல் ஒன்று.
மூன்று வருடம் மூடியைத் தொடவில்லை.

கார்த்திகைச் சரிவுக்குப் பிறகு வந்த கட்டைகளில்
ஒன்று கனமாக, நேராக இருந்தது.
கறுப்பைச் சேற்றுக்கறை என்றே நினைத்துக் காகிதம் ஒட்டினேன்.
நனைந்ததும்
அடியிலிருந்து தாரில் எழுதிய எண் எழுந்தது: 11.
பக்கத்தில் பிணைச்சல் இருந்த இரண்டு துளை.
காய்ந்தது, மறைந்தது.
திரும்ப நனைத்தேன். 11.
இப்படியே ஒரு ஞாயிறு.

நட்டஈட்டுப் படிவம் நகலெடுக்க மருதை வந்தபோது
அதைக் காட்டினேன்.
கைப்பேசி வெளிச்சத்தில் குனிந்து பார்த்தார்.
"எங்களுது பன்னெண்டு."
பிறகு,
"பதினொண்ணு சொவத்துக்கு அந்தப் பக்கம்."
பிறகு இயந்திரம் மட்டும்
ஆறு பக்கத்துக்கும் வெளிச்சம் இழுத்துக்கொண்டிருந்தது.

மிச்சக்காசை வாங்கியவர் படியில் நின்று சொன்னார்:
"நெலைக்குக் கீழ, இடப்பக்கம்,
பால்மா டின்னுல புதினா வச்சிருந்தாங்க.
எங்க வீட்டுச் சம்பலுக்கும்
அதுலதான் கிள்ளுவோம்."

அன்றிரவு சிவப்பு டப்பாவை எடுத்து
அலுமாரிக்கு மேலே வைத்தேன்.
அது எந்த மேட்டு மண் என்று எனக்குத் தெரியும்.

கல்லை நுணுக்க நுணுக்க நிறம் வெளுக்கும்.
அதனால் பச்சையை அரைக்கவில்லை.
பருபருவென்று இருந்தபடியே பசையில் நனைத்து
நிலைக்குக் கீழே, இடப்பக்கம்,
நாலைந்து இலை வைத்தேன்.
இலை என்று சொல்ல எனக்கே கொஞ்சம் கூச்சம்.

நுவரெலியா ஹோட்டல்காரர் போன வாரம் வந்தார்.
பாசியா என்று நகத்தால் சுரண்டப் போனவரின்
கையைப் பிடித்துவிட்டேன்.
வேறு இரண்டை வாங்கிக்கொண்டு போனார்,
கொஞ்சம் கோபம்தான்.

போத்தலில் இன்னும் எட்டுக் கிராம் இருக்கிறது.